கல்வெட்டில் ‘குந்தவை’ என்று வந்தால் அது எந்தக் குந்தவை?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான். தஞ்சைப் பெரிய கோயிலில் குந்தவை, தாதாபுரத்தில் குந்தவை, வேங்கி நாட்டில் (இன்றைய ஆந்திரக் கடற்கரைப் பக்கம்) ராணியாக ஒரு குந்தவை, சிதம்பரத்தில் இன்னொரு குந்தவை. இத்தனையும் ராஜராஜ சோழனின் அக்கா ஒருவர்தானா, அவர் வந்தியத்தேவனின் மனைவி என்றால் வேங்கிக்கு எப்போது மருமகளாகப் போனார்? மேலோட்டமாகப் பார்த்தால் கல்யாணத்தைப் பற்றிய கேள்வி மாதிரி தெரிகிறது. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று நினைக்கிறேன். ஒரே பெயரில் பல பெண்கள் இருக்கும்போது, ஒரு கல்வெட்டு இவரைச் சொல்கிறது, அவரைச் சொல்லவில்லை என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் கல்யாண விஷயத்தை முடித்துவிடலாம். ராஜராஜனின் அக்கா குந்தவை வேங்கிக்குப் போகவில்லை. வேங்கிக்குப் போனவர் ராஜராஜனின் மகள், அவர் பெயரும் குந்தவை. அதாவது அத்தை பெயரே மருமகளுக்கும். சிதம்பரத்தில் வருபவர் இந்த இருவரும் இல்லை, மூன்றாவது ஆள், வேங்கிக்குப் போன குந்தவையின் பேத்தி. இந்த மூன்று பேரும் மூன்று தனி ஆட்கள் என்பதில் கல்வெட்டு படிக்கிறவர்கள் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

நான் கல்வெட்டியலில் டிப்ளமோ படித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாகக் கோயில் கோயிலாகப் போய்ப் படித்துக்கொண்டிருப்பவன். படிக்கத் தொடங்கிய முதல் வருஷம் சிதம்பரத்தில் எங்கள் ஆசிரியர் ஒரு கல்வெட்டின் படியைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அதில் ‘ராஜராஜன் குந்தவை ஆழ்வார்’ என்று இருந்தது. நான் உடனே நோட்டில் ‘ராஜராஜ சோழனின் மகள்’ என்று எழுதிவிட்டேன். அவர் திட்டவில்லை. ‘ஆட்சியாண்டைப் படி’ என்றார். குலோத்துங்க சோழனின் 44-ஆம் ஆண்டு. அவன் பட்டத்துக்கு வந்தது 1070, ஆக இது 1114. ராஜராஜ சோழன் இறந்தது 1014. நூறு வருஷம் கழித்து அவன் மகள் சிதம்பரம் கோயிலுக்குப் பொன் கொடுத்திருக்க முடியுமா? அப்போதுதான் உறைத்தது, அந்த ‘ராஜராஜன்’ சோழன் இல்லை, வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கியன் ராஜராஜ நரேந்திரன். நான் பெண்ணின் பெயரில் ஏமாறவில்லை, அப்பாவின் பெயரில் ஏமாந்திருந்தேன். இந்தத் துறையில் நடக்கும் குழப்பத்தில் பாதி இப்படித்தான் வருகிறது.

இதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது, உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். ‘குந்தவை’ என்ற சொல்லைப் பார்த்ததும் நிற்காதீர்கள், அதற்கு முன்னால் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். சோழர் காலத்தில் அரச குலப் பெண்களின் பெயருக்கு முன்னால் பெரும்பாலும் அப்பா பெயர் வரும், இன்றைக்கு நாம் போடும் இனிஷியல் மாதிரி, ஆனால் ஒரு எழுத்தாக இல்லாமல் முழுப்பெயராக. பராந்தகன் குந்தவை என்றால் பராந்தகனின் மகள் குந்தவை, ராஜராஜன் குந்தவை என்றால் ராஜராஜனின் மகள். அடுத்து உறவுச் சொல்லைப் பாருங்கள். திருமகளார் என்றால் மகள், திருத்தமக்கையார் என்றால் அக்கா, திருத்தங்கையார் என்றால் தங்கை, தேவியார், மகாதேவியார் என்றால் மனைவி. தாய் என்று சொல்ல வேண்டுமானால் அதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது, செம்பியன் மாதேவியை ‘உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்த’ பிராட்டியார் என்று எழுதுவார்கள். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்காத தொடர் அது. இதற்கெல்லாம் அப்புறம் ஆட்சியாண்டு, அது எந்த அரசனின் ஆண்டு என்பது. இந்த மூன்றும் கிடைத்துவிட்டால் பெயர் எத்தனை பேருக்கு இருந்தாலும் கவலையில்லை.

சரி, இதை வைத்துத் தஞ்சைக்குப் போவோம். பெரிய கோயிலில் ராஜராஜன் தன் 26-ஆம் ஆட்சியாண்டில் வாயால் சொன்ன உத்தரவு கல்லில் இருக்கிறது: நாம் கொடுத்தனவும், அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும் ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுக. தனக்கு அடுத்த இடத்தில் அக்காவை வைக்கிறான், அதற்குப் பிறகுதான் மனைவிமார். அந்த ‘அக்கன்’ யார் என்று ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் அதே கோயிலின் வேறு கல்வெட்டுகள் சொல்லிவிடுகின்றன. ஸ்ரீராஜராஜ தேவர் திருத்தமக்கையார், வல்லவரையர் வந்தியதேவர் மகாதேவியார், ஆழ்வார் பராந்தகன் குந்தவையார். தம்பி பெயர், கணவர் பெயர், அப்பா பெயர் மூன்றும் ஒரே தொடரில். பராந்தகன் என்பது இங்கே சுந்தர சோழன், இரண்டாம் பராந்தகன். இந்த அளவுக்கு அடையாளம் சொல்லும் கல்வெட்டு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

அவர் அந்தக் கோயிலுக்குக் கொடுத்தவற்றில் என் மனதில் நிற்பது பொன்னும் மணியும் இல்லை. தன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் செப்புத் திருமேனி செய்துவைத்தார். அப்பாவை அங்கே பெயர் சொல்லி எழுதவில்லை, ‘பொன்மாளிகைத் துஞ்சின தேவர்’ என்று இருக்கும். காஞ்சிபுரத்தில் பொன்மாளிகையில் இறந்தவர் என்று பொருள். அம்மா வானவன் மாதேவி கணவனோடு தீயில் இறங்கியதைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு சொல்கிறது. பெற்றோர் இருவரும் ஒன்றாகப் போனபிறகு, ஆதித்த கரிகாலன் என்ற அண்ணனையும் கொலைக்குக் கொடுத்தபிறகு, பல வருஷம் கழித்து இந்தப் பெண் அப்பா அம்மாவுக்குச் சிலை எடுக்கிறார். இவர் யார் என்பதில் தவறு செய்துவிட்டால், இதைச் செய்தது யார் என்பதையே தொலைத்துவிடுவோம். வேறு குந்தவையின் செயலை இவர் தலையில் கட்டுவதும், இவர் செயலை வேறு ஒருவருக்குக் கொடுப்பதும் எனக்கு ஏன் உறுத்துகிறது என்றால் இதனால்தான்.

தாதாபுரமும் இவர் ஊர்தான். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, அன்றைக்கு ராஜராஜபுரம். அங்கே இவர் மூன்று கோயில் எடுத்தார். குந்தவை விண்ணகர் என்று பெருமாளுக்கு ஒன்று, இரவிகுலமாணிக்க ஈஸ்வரம் என்று சிவனுக்கு ஒன்று, குந்தவை ஜினாலயம் என்று சமணர்களுக்கு ஒன்று. கல்வெட்டு ராஜராஜனின் 21-ஆம் ஆண்டு, அதாவது 1006 வாக்கில். ஜினாலயம் இன்று அங்கே இல்லை, மற்ற இரண்டையும் போய்ப் பார்க்கலாம். பராந்தகன் குந்தவை என்றே குறிப்பதால் இதிலும் சந்தேகமில்லை. ராஜேந்திரன் பட்டத்துக்கு வந்தபிறகும் இவர் இருந்தார், பழையாறை அரண்மனையில் இருந்துகொண்டு தஞ்சையில் அப்பா பெயரில் இருந்த ஆதுலர் சாலைக்கு நிலம் கொடுத்தார். ஆதுலர் சாலை என்றால் மருத்துவமனை.

ஆனால் போளூருக்குப் பக்கத்தில் திருமலை என்ற சமணத் தலம் இருக்கிறது, அங்கேயும் ஒரு குந்தவை ஜினாலயம். ராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டில் அந்தப் பெயர் வருகிறது. எல்லாப் புத்தகமும் இதை அக்கா குந்தவை கட்டியது என்றே எழுதும், நானும் அப்படித்தான் நினைக்கிறேன், தாதாபுரத்தில் சமணருக்கு அதே பெயரில் கோயில் எடுத்தவர் என்பதால். இருந்தாலும் இது ஊகம் என்பதை மறக்கக் கூடாது. அங்கே வருவது கோயிலின் பெயர், கொடுத்தவரின் பெயர் இல்லை. இன்னார் மகள், இன்னார் தமக்கை என்ற அடைமொழி அதில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. தஞ்சைக் கல்வெட்டுக்கு நூற்றுக்கு நூறு கொடுப்பேன் என்றால் இதற்குத் தொண்ணூறு.

இப்போது தம்பி மகள், அதாவது ராஜராஜனின் மகள். வேங்கியில் கீழைச் சாளுக்கியர் குடும்பத்துக்குள் சண்டை நடந்து, தானார்ணவன் கொல்லப்பட்டு, அவன் பிள்ளைகள் நாட்டை இழந்து அலைந்தார்கள். ராஜராஜன் படை கொடுத்து மூத்தவன் சக்திவர்மனை அரியணையில் உட்கார வைத்தான். இளையவன் விமலாதித்தனுக்குத் தன் மகள் குந்தவையைக் கட்டிக் கொடுத்தான். இவர்கள் பிள்ளைதான் ராஜராஜ நரேந்திரன், தாத்தா பெயர் பேரனுக்கு. இதற்கு ஆதாரம் நம் பக்கத்துக் கல்வெட்டு மட்டும் இல்லை, அந்தப் பக்கமே எழுதி வைத்திருக்கிறார்கள். ராஜராஜ நரேந்திரனின் கோருமில்லிச் செப்பேடு தன் தாயைச் சூரிய குலத்து ராஜராஜனின் மகள், ராஜேந்திர சோழனின் தங்கை என்று சொல்கிறது. மகள், தங்கை. தஞ்சைக் குந்தவையோ தமக்கை. இந்த ஒரு சொல்லிலேயே உங்கள் முதல் கேள்வி தீர்ந்துவிடுகிறது. தெலுங்கு வாசகர்களுக்கு இந்தப் பெண் மகன் வழியாக நெருக்கமானவர், நன்னய்யா மகாபாரதத்தைத் தெலுங்கில் எழுதத் தொடங்கியது அந்த ராஜராஜ நரேந்திரன் அவையில்தான். தமிழ்நாட்டில் இவரை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அத்தையின் பெயர் அவ்வளவு பெரியதாகிவிட்டதால் இவர் அதற்குள் மறைந்துபோனார் என்று எனக்குத் தோன்றும், அது எனக்கு வருத்தமான விஷயம்.

ராஜராஜ நரேந்திரன் தன் தாய்மாமன் ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கையைக் கட்டினான். மாமன் மகளைக் கட்டும் வழக்கம்தான், நமக்கு விளக்கம் தேவையில்லை. அவர்களுக்குப் பிறந்தவன் பின்னால் சோழ நாட்டுக்கே வந்து முதலாம் குலோத்துங்கன் ஆனான். அவன் தங்கைதான் நான் நோட்டில் தப்பாக எழுதிய ராஜராஜன் குந்தவை. அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயர் இவருக்கு. பேரன், பேத்தி என்ற சொற்களே பெயரன், பெயர்த்தி என்பதிலிருந்து வந்தவை, பாட்டன் பாட்டி பெயரை ஏற்றவர்கள் என்று. இந்த வீட்டில் அது அச்சு மாறாமல் நடந்திருக்கிறது. ஆண்களுக்கும் அப்படியே. குலோத்துங்கனின் முதல் பெயர் ராஜேந்திரன், அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயர்.

இந்த ராஜேந்திரன் என்ற பெயர் சிதம்பரத்தில் இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது, சுவையான சிக்கல் என்பதால் சொல்லிவிடுகிறேன். குந்தவை ஆழ்வார் பொன் கொடுத்ததைச் சொல்லும் அதே கல்வெட்டோடு, காம்போச அரசன் ‘ஸ்ரீராஜேந்திர சோழ தேவர்க்குக் காட்சியாகக் காட்டின கல்’ ஒன்றைக் கோயிலில் திருவெதிரம்பலத்தில் வைத்த செய்தியும் வருகிறது. காம்போசம் என்பது கம்போடியா, அங்கிருந்து அரிய பொருளாக ஒரு கல் அன்பளிப்பாக வந்திருக்கிறது. இதில் ராஜேந்திர சோழ தேவர் யார்? கங்கை கொண்ட ராஜேந்திரனா, அல்லது அந்தப் பெயரை முதலில் வைத்திருந்த குலோத்துங்கனேவா? கடல் கடந்து போன ராஜேந்திரனுக்கும் காம்போசத்துக்கும் தொடர்பு இருந்தது என்பதை வைத்து முதல் கட்சி பேசும். கல்வெட்டு குலோத்துங்கன் காலத்தது, அவனுக்கும் அந்தப் பெயர் உண்டு, நூறு வருஷம் பழைய கல்லை இப்போது எதற்கு வைக்க வேண்டும் என்று இரண்டாம் கட்சி கேட்கும். அறிஞர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். நான் இரண்டாம் பக்கம் சாய்கிறேன், ஆனால் அடித்துச் சொல்ல மாட்டேன். இங்கே பாருங்கள், தங்கை குந்தவை யார் என்பதில் ஒரு குழப்பமும் இல்லை, அரசனைப் பற்றித்தான் சண்டை. ஆண் பெயரை வைத்துப் பெண்ணை அடையாளம் காண்கிறோம் என்று சொல்கிறோமே, அந்த ஆண் பெயரே ஆட்டம் காணும்போது நிதானம் வேண்டும்.

மூன்று பேரோடு முடியவில்லை. அக்கா குந்தவைக்கு முன்னாலேயே சோழர் வீட்டில் ஒரு குந்தவை இருந்தார், அரிஞ்சய சோழனின் தேவியார், வீமன் குந்தவையார். அரிஞ்சயன் சுந்தர சோழனின் அப்பா. கணவர் இறந்தபிறகும் இருந்து கோயிலுக்குக் கொடை கொடுத்திருக்கிறார். ஆனால் இவர் சுந்தர சோழனைப் பெற்றவர் இல்லை, சுந்தர சோழனின் தாய் கல்யாணி என்ற வைதும்ப இளவரசி என்று அன்பில் செப்பேடு சொல்கிறது. ஆகவே நம் குந்தவைக்கு இவர் சிற்றன்னைப் பாட்டி முறை. இவர் இருந்தார் என்பது உறுதி. இவர் அப்பா வீமன் யார் என்பதுதான் உறுதி இல்லாதது. பீமன் என்ற பெயர் கீழைச் சாளுக்கியரில் இருக்கிறது, அதனால் வேங்கி அரசன் பீமனின் மகளாக இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அது சரியென்றால் குந்தவை என்ற பெயரே வேங்கியிலிருந்து சோழ வீட்டுக்கு வந்து, மூன்று தலைமுறை கழித்து ராஜராஜனின் மகளோடு திரும்ப வேங்கிக்கே போயிருக்கிறது. கேட்க அவ்வளவு அழகாக இருக்கிறது. அழகாக இருக்கிறது என்பதாலேயே நான் இதில் கூடுதல் எச்சரிக்கையாக இருக்கிறேன், ஏனென்றால் கைவசம் இருப்பது ‘வீமன்’ என்ற ஒரு சொல் மட்டும்.

அந்தப் பெயர் சோழர் சொத்து இல்லை என்பதற்கு மட்டும் நல்ல சான்று இருக்கிறது. ராணிப்பேட்டைப் பக்கம் திருவல்லத்துக் கல்வெட்டில் குந்தவ்வையார் என்று ஒருவர் வருகிறார், கங்க அரச குலத்து மகள், வாண அரசன் வாணவித்யாதரனின் தேவியார். தஞ்சைக் குந்தவைக்கு நூறு வருஷத்துக்கு மேல் முந்தியவர். எழுத்தைக் கவனியுங்கள், குந்தவ்வை. கடைசியில் ‘அவ்வை’ தெரிகிறது. கன்னடப் பக்கம் பெண் பெயர்களின் முடிவில் அவ்வை, அவ்வே என்று வருவது வழக்கம். அதனால் இது வடக்கிலும் மேற்கிலும் புழங்கிய பெயர், திருமணங்கள் வழியாகச் சோழர் வீட்டுக்குள் வந்தது என்று நினைக்கிறேன். இது என் கருத்து, கல்வெட்டு சொல்வது இல்லை, இரண்டையும் கலக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. குந்தவை பெயர், அதனால் இந்த வழியெல்லாம் வேலை செய்கிறது. ஆனால் செம்பியன் மாதேவி, பஞ்சவன் மாதேவி, உலக மாதேவி என்று வருவதெல்லாம் பட்டம். ஒரே பட்டம் தலைமுறைக்கு ஒருவருக்கு வந்துகொண்டே இருக்கும். அங்கே அப்பா பெயரும் பெரும்பாலும் ஒட்டாது, கணவனையும் ஆண்டையும் மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். அதோடு பழைய கல்வெட்டுகளில் அரசன் பெயரே இராமல் கோப்பரகேசரி, கோராஜகேசரி என்று மட்டும் இருக்கும். சோழர்கள் இந்த இரண்டு பட்டங்களையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டவர்கள். கல் உடைந்து ‘கோப்பரகேசரி’, ‘குந்தவை’ என்ற இரண்டு சொல் மட்டும் மிஞ்சியிருந்தால் எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலத்தைச் சொல்லலாம், அதுவும் ஐம்பது வருஷம் முன்னே பின்னே. அப்படிப்பட்ட கல்லில் யார் என்று கேட்டால், தெரியாது என்றுதான் சொல்வேன்.

நீங்கள் கேள்வியின் கடைசியில் ராஜேந்திரனை வளர்த்தது அக்கா குந்தவைதானே என்று போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். எல்லாரும் அப்படிச் சொல்கிறார்கள், நாவலும் சினிமாவும் பார்த்தபிறகு இன்னும் அதிகமாகச் சொல்கிறார்கள். வளர்த்திருக்கலாம், ஒரே குடும்பம், பழையாறையில் அரண்மனை, இவர் செல்வாக்கும் அப்படி. ஆனால் அதைச் சொல்லும் கல்வெட்டு வரி எதையும் நான் இதுவரை படித்ததில்லை.

அடுத்த தடவை தஞ்சைக்குப் போனால் விமானத்தின் அடித்தளத்தில் எழுத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றி வாருங்கள். நெடுந்தூரம் ஓடும் வரிகளில் ‘பராந்தகன்’ என்ற சொல்லைத் தேடுங்கள், எழுத்து பழகாதவர்களும் கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம், ப, ந, த, க எல்லாம் இன்றைய எழுத்துக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. சில எழுத்துகளில் புள்ளி இருக்காது, அவ்வளவுதான். அதற்கு அடுத்து வரும் சொல்லைப் படியுங்கள். படம் எடுத்தால் அந்தச் சொல்லை மட்டும் எடுக்காமல், முன்னால் நாலு சொல்லும் பின்னால் நாலு சொல்லும் சேர்த்து எடுத்து இங்கே போடுங்கள், சேர்ந்து படிக்கலாம்.